சீன வங்கித்துறையை முதுநிலையில் படிக்க: பெய்ஜிங்கா, ஹாங்காங்கா, லண்டனா, சென்னையேதானா?

பொருளியல் கடைசி வருடத்தில் இருப்பவர்கள், எம்.காம். முடித்தவர்கள், ரெண்டு மூன்று வருடம் வங்கியில் குப்பை கொட்டிவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், இப்படிப் பலர் இப்போது சீன வங்கி, நிதி பற்றித் தனியாக ஒரு முதுநிலைப் படிப்பு படிக்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சொத்து மதிப்பில் உலகின் முதல் நான்கு வங்கிகளும் சீன வங்கிகள்: ஐசிபிசி, வேளாண் வங்கி, கட்டுமான வங்கி, பேங்க் ஆஃப் சைனா. நான்கிலும் பெரும்பங்கு அரசின் கையில். ஆனால் வழக்கமான எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் பாடத்திட்டம் எதையாவது எடுத்துப் பாருங்கள், சீனாவுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருந்தாலே பெரிய விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்கு வருகிறேன். சீன மொழி படிக்கிற உத்தேசம் இல்லையென்றால் இந்தப் படிப்புக்காகச் சீனாவுக்குப் போகாதீர்கள். ஹாங்காங்கோ லண்டனோ போதும், சில பேருக்குச் சென்னையே போதும். மொழி படிக்கத் தயார் என்றால் எங்கே போவது என்பது காசையும் வயதையும் பொறுத்த கேள்வி. கல்லூரியின் பெயர், உலகத் தரவரிசை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மொழியை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்பதற்கு ஒரு உதாரணம். தென்மேற்குச் சீனாவில் குய்சோ என்று ஒரு மலை மாகாணம், வசதி குறைந்தது. அதில் ஸுன்யி என்று ஒரு நகரம். சீனாவில் உள்ளூர் அரசுகள் நேரடியாகக் கடன் வாங்கக்கூடாது என்று 1994ஆம் வருடப் பட்ஜெட் சட்டம் தடுத்ததால், ஊருக்கு ஊர் அரசே ஒரு கம்பெனி ஆரம்பித்து, அந்தக் கம்பெனி பெயரில் கடன் வாங்கி ரோடும் பாலமும் போட்டார்கள். ஸுன்யியின் சாலை, பாலக் கம்பெனி 2022 டிசம்பர் கடைசியில் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: வங்கிகளிடம் வாங்கிய சுமார் 1,559 கோடி யுவான் கடனைத் திருப்பிக் கட்டும் காலம் 20 வருடமாக மாற்றப்படுகிறது, வட்டி வருடத்துக்கு 3 முதல் 4.5 சதவீதம், முதல் 10 வருடத்துக்கு வட்டி மட்டும், அசலைத் தொடவே வேண்டாம். நம்மூரில் ஒரு ஒப்பந்ததாரர் போய் இப்படிக் கேட்டால் மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பிவிடுவார். அங்கே வங்கிகள் ஒத்துக்கொண்டன.

இப்போது சீன வங்கித்துறையைப் படிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இந்தக் கடன் வங்கிக் கணக்கில் வாராக்கடனா, இல்லையா? அங்கே கடன்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்; இது அதில் எந்த வகையில் போய் உட்கார்ந்தது? எந்தெந்த வங்கி, எவ்வளவு, யார் சொல்லி ஒத்துக்கொண்டது? ஆங்கிலச் செய்தியில் 20 வருடம் என்ற தலைப்பும் நாலு பத்தியும் கிடைக்கும். மற்றதெல்லாம் கம்பெனியின் மூல அறிவிப்பு, மாகாண நிதித்துறையின் சுற்றறிக்கை, உள்ளூர் வங்கியின் ஆண்டறிக்கை என்று சீனத்தில்தான் சிதறிக் கிடக்கும். நான்கு பெரிய வங்கிகளும் ஹாங்காங்கில் பட்டியலிட்டிருப்பதால் அவற்றின் ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் கிடைக்கிறது, அதில் வாராக்கடன் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே என்று பளபளவென்று இருக்கிறது. வெடித்ததெல்லாம் வேறு இடத்தில். 2019 மே மாதம் அரசு கையகப்படுத்திய பாவ்ஷாங் வங்கி, 2022இல் ஹெனான் மாகாணத்தில் வாடிக்கையாளர் பணத்தை எடுக்க முடியாமல் முடக்கிப்போட்ட கிராம வங்கிகள், எல்லாமே சின்ன, நடுத்தர வங்கிகள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

சீனாவுக்கே போய்ச் சீனத்திலேயே படிப்பதுதான் இருப்பதில் கடினமானது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். பெரிய பெயர் என்றால் பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் நிதிக் கல்லூரி. 1981இல் சீன மத்திய வங்கி தன் சொந்த முதுநிலைப் பள்ளியாக ஆரம்பித்தது, 2012இல் சிங்ஹுவாவோடு சேர்ந்தது. சீன நிதித்துறையின் மேல்மட்டத்தில் பாதிப்பேர் ஒருவரை ஒருவர் அங்கே வகுப்பில் பார்த்தவர்கள் என்று தோன்றும் அளவுக்கு அதன் பழைய மாணவர்கள் பரவியிருக்கிறார்கள். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் குவாங்ஹுவா, ஷாங்காயில் ஃபூதான், ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய உயர் நிதிக் கல்லூரி ஆகியவையும் இதே வரிசை. ஆனால் நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது அடுத்த வரிசையை: பெய்ஜிங்கின் மத்திய நிதிப் பொருளியல் பல்கலைக்கழகம், ஷாங்காய் நிதிப் பொருளியல் பல்கலைக்கழகம், செங்துவில் இருக்கும் தென்மேற்கு நிதிப் பொருளியல் பல்கலைக்கழகம். கடைசியாகச் சொன்னது ஒரு காலத்தில் மத்திய வங்கியின் நிர்வாகத்திலேயே இருந்தது. சீன வங்கிக் கிளைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏகப்பட்ட பேர் இந்த மாதிரிக் கல்லூரிகளில் இருந்து வந்தவர்கள், உதவித்தொகைக்கான போட்டியும் சிங்ஹுவா அளவுக்கு இருக்காது.

உதவித்தொகை என்றால் சீன அரசு தருவது. தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம், நேரடியாகப் பல்கலைக்கழகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். படிப்புக் கட்டணம் கிடையாது, விடுதி இலவசம், முதுநிலை மாணவருக்கு மாதம் 3,000 யுவான். செங்துவில் அதை வைத்துக் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டு தாராளமாக ஓட்டலாம், பெய்ஜிங், ஷாங்காயில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டில் இருந்து பணம் வராதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை எதில் என்றால் காலத்தில். சீன வழிப் படிப்புக்குப் பொதுவாக எச்எஸ்கே மொழித் தேர்வில் ஐந்தாம் நிலையாவது கேட்பார்கள். அதற்கு ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும். பிறகு படிப்பு இரண்டு அல்லது மூன்று வருடம், ஆய்வேடும் சீனத்தில். 22 வயதில் இறங்கினால் சரி. 29 வயதில், வீட்டுக் கடனோடு, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது நாலு வருடம் என்பது வேறு கணக்கு.

அங்கே போனால் கிடைப்பதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் விண்ட் என்கிற சீனத் தரவுச் சேவை வெளிநாட்டுச் சந்தாதாரர்களுக்குச் சில பகுதிகளை மூடியது. உள்ளே பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு, வெளியே காசு கொடுத்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு இல்லாத வசதி இருக்கிறது என்று அர்த்தம். அதே சமயம் அங்கே உட்கார்ந்துகொண்டு எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் ஆய்வேடு எழுதலாம் என்று நினைக்கக்கூடாது. உள்ளூர் அரசுக் கடன் பற்றி எழுதலாம், நிறையப் பேர் எழுதுகிறார்கள். யார் உத்தரவில் எந்த வங்கி யாருக்குக் கொடுத்தது என்று பெயரோடு தோண்டப் போனால் வழிகாட்டியே நைசாக வேறு தலைப்புக்குத் தள்ளிவிடுவார்.

அடுத்து, சீனாவுக்குப் போய் ஆங்கிலத்தில் படிப்பது. எல்லாவற்றிலும் பலவீனமான வழி இதுதான் என்பேன். பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டு மாணவர்களை மட்டும் ஒரு வகுப்பில் போட்டு, சீன மாணவர்கள் படிப்பதில் இருந்து வடிகட்டிய ஒரு பாடத்திட்டத்தைக் கொடுப்பார்கள். இன்டர்ன்ஷிப் போகலாம் என்றால் எந்த வங்கியிலும் சீனம் இல்லாமல் நாற்காலி கிடைக்காது. திரும்பி வரும்போது பட்டம் இருக்கும், செல்போனில் சாப்பாடு ஆர்டர் செய்கிற அளவுக்கு மொழி இருக்கும், அவ்வளவுதான். இதற்கு இரண்டு விதிவிலக்கு. ஒன்று, ஷென்ஜெனில் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் எச்எஸ்பிசி வணிகப் பள்ளி. அங்கே சீன மாணவர்களும் ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள், அதனால் வகுப்பும் ஒன்று, தரமும் ஒன்று. இன்னொன்று, முழுச் செலவையும் அவர்களே ஏற்கிற பெரிய உதவித்தொகைத் திட்டங்கள்: பீக்கிங்கில் யென்சிங், சிங்ஹுவாவில் ஷ்வார்ஸ்மன். இரண்டும் வங்கிப் படிப்பே கிடையாது, சீனாவைப் பொதுவாகப் புரிந்துகொள்கிற படிப்பு. ஆனால் கிடைத்தால் விடாதீர்கள், அங்கே பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்களுக்காகவே போகலாம்.

ஹாங்காங். பாதிப் பேருக்கு நான் சொல்லும் பதில் இது. ஹாங்காங் பல்கலைக்கழகம், ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மூன்றும் நல்ல நிதிப் படிப்புகள் நடத்துகின்றன, பெரும்பாலும் ஒரு வருடம், ஆங்கிலத்தில். படிக்கிற பொருளே கண் எதிரே நடக்கிற ஊர். கட்டுமான வங்கி 2005இல் இங்கேதான் பட்டியலிட்டது, பேங்க் ஆஃப் சைனாவும் ஐசிபிசியும் 2006இல், வேளாண் வங்கி 2010இல். 2014இல் ஷாங்காய் பங்குச் சந்தைக்கும் 2017இல் கடன்பத்திரச் சந்தைக்கும் இங்கிருந்து கதவு திறந்தார்கள். கடனில் மூழ்கிய சீன ரியல் எஸ்டேட் கம்பெனி எவர்கிராண்டின் கதைக்கு முடிவுரை எழுதியதும் இந்த ஊர் நீதிமன்றம்தான், 2024 ஜனவரியில் கலைக்கச் சொல்லி உத்தரவு. அந்தத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது நம் மாதிரி ஆட்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

படிப்பு முடிந்தபின் வேலை தேட 24 மாத விசா தருகிறார்கள், கையில் வேலை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதெல்லாம் சரி, ஆனால் இங்கே இரண்டு முள் இருக்கிறது. முதலாவது செலவு. நிதி முதுநிலைப் படிப்பு என்றால் கட்டணம் மட்டும் 4 லட்சம் ஹாங்காங் டாலரை ஒட்டி வருகிறது, சிலது தாண்டுகிறது. நம் கணக்கில் 40 லட்சத்துக்கு மேல். வாடகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு கட்டிலும் அதைச் சுற்றி நடக்க இடமும் என்பதே அங்கே ஆடம்பரம். இரண்டாவது, இதை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள், வகுப்பில் பெரும்பாலானவர்கள் சீனாவில் இருந்து வந்த மாணவர்களாக இருப்பார்கள். தாய்மொழி சீனம், ஆங்கிலம் நன்றாகவே வரும், ஷாங்காயிலோ ஷென்ஜெனிலோ இன்டர்ன்ஷிப் முடித்திருப்பார்கள். நீங்கள் விண்ணப்பிக்கிற அதே வேலைக்கு அவர்களும் விண்ணப்பிப்பார்கள். உங்களிடம் வேறு ஏதாவது இருக்க வேண்டும்: இந்திய வங்கி அனுபவம், கடன் மதிப்பீடு, நல்ல நிரலாக்கம், தென்னாசியச் சந்தை பற்றிய அறிவு, ஏதோ ஒன்று. கையில் ஒன்றும் இல்லாமல் கல்லூரி முடித்த கையோடு கடன் வாங்கி ஹாங்காங் போகாதீர்கள். அப்புறம் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் வேண்டும், கட்டாயப் பாடங்கள் எல்லா ஊரிலும் சொல்லிக்கொடுக்கிற அதே டெரிவேட்டிவ், அதே போர்ட்ஃபோலியோதான். சீனா விருப்பப் பாடங்களில்தான் ஒளிந்திருக்கும்.

லண்டனின் பலம் வேறு. அங்கே போனால் சீன வங்கியை உள்ளே இருந்து பார்க்க முடியாது, ஆனால் ஏன் இப்படி ஆனது என்று உட்கார்ந்து பேசலாம், எந்தத் தலைப்பிலும் எழுதலாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் கிழக்கத்திய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி 1916 முதல் இருக்கிறது, கிங்ஸ் கல்லூரியில் லாவ் சீன ஆய்வு மையம் இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டில் சீனாவுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. 1999இல் நான்கு பெரிய வங்கிகளின் குப்பையை, சுமார் 1.4 லட்சம் கோடி யுவான் கடனை, நான்கு புதுக் கம்பெனிகள் தலையில் கட்டி வங்கிகளைச் சுத்தம் செய்த கதை இருக்கிறதே, அதில் ஹுவாரோங் என்ற ஒரு கம்பெனி பின்னால் தானே பெரிய குப்பையாகி 2021இல் அரசு கைகொடுத்துத் தூக்க வேண்டி வந்தது. இந்த மாதிரி நீளக் கதையைப் பொருளாதாரமும் அரசியலும் சேர்த்துப் படிக்க லண்டன் நல்ல இடம். கொள்கை ஆய்வு, பத்திரிகை, நாடுகளின் கடன் மறுசீரமைப்பு என்று போக நினைப்பவர்களுக்கு இதுவே சரி. வங்கியில் டிரேடிங் மேசையில் உட்கார நினைப்பவர்கள் இங்கே வந்து சீனா ஆய்வுப் படிப்பில் சேர்ந்துவிடாதீர்கள், பொதுவான நிதிப் படிப்பு எடுங்கள், அது பெரிய கல்லூரிகளில் 40,000 பவுண்டைத் தாண்டும். சீனா ஆய்வு வகைப் படிப்புகள் அதைவிட நன்றாகவே குறைவு. ஒரு வருட பிரிட்டிஷ் முதுநிலைப் பட்டத்தை இந்தியாவில் ஏற்க மாட்டார்கள் என்ற பழைய பயம் இனி தேவையில்லை, 2022 ஜூலையில் இரு நாடும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. படிப்புக்குப் பிறகு தங்கும் காலம்தான் குறைகிறது: 2027 ஜனவரியில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடம் என்பது 18 மாதமாகக் குறைகிறது.

சிங்கப்பூர் பற்றி நிறையச் சொல்ல இல்லை. நல்ல படிப்பு, வேலைவாய்ப்பும் உண்டு, தமிழ்ச் சாப்பாடும் உண்டு, ஆனால் சீன வங்கிதான் குறி என்றால் ஹாங்காங் அளவுக்கு ஆழம் இல்லை.

கடைசியாக, எங்கேயும் போகாமல் இருப்பது. இதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நிதிப் பொருளியல் முதுநிலை இருக்கிறது, ஐஐடி மெட்ராஸில் சீன ஆய்வு மையம் இருக்கிறது, டெல்லியில் ஜேஎன்யூவில் கிழக்காசிய ஆய்வுத் துறை இருக்கிறது. நல்ல அடிப்படைப் பட்டம் ஒன்றை இங்கே குறைந்த செலவில் முடித்துவிட்டு, மொழியைத் தனியாகக் கற்றுக்கொள்ளலாம். தைவான் அரசு மொழி படிப்பதற்கென்றே உதவித்தொகை தருகிறது, அவர்களுடைய அலுவலகம் 2012 முதல் சென்னையிலேயே இருக்கிறது. எழுத்து வடிவம் மட்டும் சீனாவில் புழங்குவதில் இருந்து மாறும். ஒன்று தெரிந்தால் மற்றதைச் சில மாதத்தில் பிடித்துவிடலாம். பட்டம் கையில், மொழி வாயில் என்று ஆனபிறகு ஹாங்காங்குக்கோ செங்துவுக்கோ போனால் நீங்கள் வேறு ஆள்.

வேலை விஷயத்தில் ஒரு கனவைக் கலைத்தாக வேண்டும். சீன வங்கிகள் இந்தியாவில் ஆள் எடுக்கும் என்று நம்பிப் படிக்காதீர்கள். ஐசிபிசி 2011இல் மும்பையில் கிளை திறந்தது, அதற்கு மேல் பெரிதாக வளரவில்லை. 2020 மார்ச் கடைசியில் சீன மத்திய வங்கி எச்டிஎஃப்சியில் வைத்திருந்த பங்கு 1.01 சதவீதமாகிவிட்டது என்று தெரிந்ததும் இங்கே எழுந்த கூச்சல் நினைவிருக்கும்; அடுத்த மாதமே எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என்று விதி வந்தது. வேலை இருப்பது வேறு இடங்களில். சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டின் பெரிய சேவை மையம் இருக்கிறது, அந்த வங்கியின் லாபத்தில் ஹாங்காங்கின் பங்கு பெரியது. கடனின் தரத்தை மதிப்பிடுகிற நிறுவனங்கள் இருக்கின்றன. பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, அதில் இரண்டாவது பெரிய பங்குதாரர் இந்தியா. ஷாங்காயில் பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி, அதன் முதல் தலைவர் கே.வி. காமத்.

இலங்கையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் மாறும். அங்கே இது பக்கத்து நாட்டுப் பொருளாதாரம் பற்றிய ஆர்வம் மட்டும் கிடையாது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கட்டக் கடன் கொடுத்தது சீன எக்சிம் வங்கி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி வங்கி, 2017இல் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போனது, 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபின் அதே எக்சிம் வங்கியோடு சுமார் 420 கோடி டாலர் கடனை மறுசீரமைக்கப் பேச வேண்டி வந்தது. அந்தப் பேச்சில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எந்த விதியின் கீழ் எவ்வளவு இறங்கி வர முடியும், எக்சிம் ஒரு கொள்கை வங்கி (அரசின் கொள்கைக்காகவே கடன் கொடுக்கிற வங்கி) என்பதால் யாரைக் கேட்டு முடிவெடுக்கும், பக்கத்தில் நிற்கிற சீன வளர்ச்சி வங்கி ஏன் தன்னை வணிக வங்கி என்று சொல்லிக்கொள்கிறது, இதெல்லாம் தெரிந்த ஆள் கொழும்பில் தேவை. களனிப் பல்கலைக்கழகத்தில் கன்ஃபூசியஸ் நிலையம் இருக்கிறது, மொழியை அங்கே ஆரம்பித்துவிட்டுச் சீன அரசு உதவித்தொகைக்குப் போடுங்கள். ஹாங்காங் கட்டணத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போதே முடிவெடுக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. சீன மத்திய வங்கி ஒவ்வொரு மாதமும் நாட்டில் மொத்தம் எவ்வளவு கடன் போனது, அதில் வங்கி கொடுத்தது எவ்வளவு, கடன்பத்திரம் எவ்வளவு என்று ஒரு கணக்கு வெளியிடும். அதன் ஆங்கில வடிவத்தை எடுத்து, முந்தைய மாதத்தோடு வைத்துப் பார்த்து, எங்கே ஏறியது எங்கே இறங்கியது, ஏன் என்று ரெண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். அடுத்த மாதமும் எழுதுங்கள். மூன்றாவது மாதம் அலுப்பாக இருந்தால் பொது நிதிப் படிப்புக்குப் போய்விடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. எழுத எழுத இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தால் அந்தப் பக்கங்களையே விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஹாங்காங் கல்லூரிகள் முந்தைய வருடம் செப்டம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துச் சுற்றுச் சுற்றாக இடத்தை நிரப்பிவிடும், சீன அரசு உதவித்தொகைக்குக் குளிர்காலத்தில் தேதி வரும், போலீஸ் சான்றிதழுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் ஒரு மாதம் முன்பே ஓட ஆரம்பித்துவிடுங்கள்.